சால்டர் செய்த ஸ்டோரேஜ் வேகமானதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட அதே வாரத்தில், எங்கள் மாடி வீட்டுத் தம்பி இரண்டு லேப்டாப்புகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் கல்யாண போட்டோ எடுப்பவர். மொட்டை மாடித் தளம் ஒழுகி, இரவு முழுக்க மேசைமேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. ஒரு லேப்டாப் ஆறேழு வருடப் பழசு. இன்னொன்று ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து அந்த ஆண்டுதான் வாங்கியது. இரண்டுமே உயிரில்லாமல் கிடந்தன. "ரிச்சி தெருவுக்குப் போறேண்ணா, கூட வர்றீங்களா?" என்றார்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்தச் சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்னக் கடை. பழைய லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைத் திறந்தார் கடைக்காரர். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, விரல் நீளத்தில் ஒரு அட்டையை உருவினார். துடைத்தார், உலர்த்தினார், ஒரு யுஎஸ்பி டப்பாவில் பொருத்தித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். பத்து நிமிடத்தில் மூன்று வருடத்துக் கல்யாணங்கள் திரையில் வந்து நின்றன.

புதியதைத் திறந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இதுல எல்லாமே போர்டுலயே இருக்கு தம்பி. போர்டு எழுந்துச்சுன்னா டேட்டா வரும். இல்லேன்னா வராது."

திரும்பி வரும் வழியில் தம்பி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். "காஸ்ட்லி மாடல் இல்லையாண்ணா, வேகமா இருக்கணும்னுதான் ஒட்டி வெச்சிருக்காங்க."

இதே வார்த்தையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். விற்பனைக் கடையில் கேட்டிருக்கிறேன், அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். ஸ்டோரேஜை போர்டோடு, அதாவது லேப்டாப்பின் சிப்புகள் உட்காரும் பலகையோடு, சால்டர் செய்து ஒட்டியிருந்தால் வேகம், கழற்ற முடிந்தால் பழைய காலம் என்று ஒரு எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. அது சரியல்ல. ஏன் சரியல்ல என்பதை அடியிலிருந்து பார்ப்போம். கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை, சமையலறையும் கல்யாணப் பந்தியும் தெரிந்தால் போதும்.

மேடையும் பரணும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "512 மெமரி", "16 மெமரி" என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு.

சமைக்கும்போது அடுப்பு மேடையில் வைத்திருப்பவை கைக்கு உடனே கிடைக்கும். ஆனால் இடம் கொஞ்சம்தான், வேலை முடிந்ததும் துடைத்துவிடுவோம். இதுதான் ரேம்: இப்போது நடக்கும் வேலையை வைத்துக்கொள்ளும் இடம், மின்சாரம் நின்றால் காலியாகிவிடும். வருடக் கணக்கில் வைத்திருக்க வேண்டியவை அலமாரியிலும் பரணிலும் இருக்கும். அதுதான் ஸ்டோரேஜ்: லேப்டாப்பை அணைத்தாலும் உங்கள் படமும் கணக்கும் கடிதமும் அழியாமல் இருக்கும் இடம்.

இந்தக் கட்டுரை பரணைப் பற்றியது. ரேம் கெட்டால் புது ரேம் போடலாம், நீங்கள் இழப்பது பணம் மட்டும். ஸ்டோரேஜ் கெட்டால் உள்ளே இருப்பவையும் போகும்.

சுழலும் தட்டு நின்றபோது

பழைய வன்தட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், உண்மையாகவே ஒரு தட்டு சுழலும். அதன்மேல் ஒரு முள் அங்குமிங்கும் நகர்ந்து படிக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும். வேண்டிய தகவல் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். கோயில் தேர் நம் தெருவுக்கு வரும்வரை வாசலில் நிற்பதுபோல. எட்டு மில்லி நொடி சின்ன நேரம்தான். ஆனால் லேப்டாப்பைத் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு உண்டு.

எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் எதுவும் இல்லாத ஸ்டோரேஜ். இதற்குள் இருப்பது ஃப்ளாஷ் சிப், மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறக்காத ஒரு வகைச் சிப். தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்காவும் அவருடைய குழுவும் கண்டுபிடித்தது இது. இன்று லேப்டாப்பில் இருக்கும் நாண்ட் வகை ஃப்ளாஷை அவர்கள் 1987-இல் அறிவித்தார்கள். இதில் எந்த மூலையில் இருக்கும் தகவலையும் மில்லி நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறியவர்கள் "புது லேப்டாப் வாங்கினமாதிரி இருக்கு" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அதற்குப் பிறகு வந்த வேகக் கூடுதல் எதுவும் அந்த முதல் தாவலைப் போல நமக்கு உறைக்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பந்தி விசாரிப்பு

ஃப்ளாஷ் சிப்புக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதை விளக்கக் கல்யாணப் பந்தியைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

மண்டபத்தில் நீள மேசை, அதன்மேல் தாள் விரித்து வரிசையாக இலை போட்டிருக்கிறது. காலி இலையில் யாரையும் ஒருவர் ஒருவராக உட்கார வைக்கலாம். ஆனால் ஒருவர் சாப்பிட்டு எழுந்ததும் அந்த ஒரு இலையை மட்டும் எடுத்து, துடைத்து, வேறொருவரை உட்கார வைப்பதில்லை. வரிசை முழுக்க எழுந்த பிறகுதான் தாளோடு சேர்த்துச் சுருட்டி எடுப்பார்கள். அடுத்த பந்திக்குப் புதுத் தாள்.

ஃப்ளாஷும் அப்படித்தான். எழுதுவது இலை இலையாக, அழிப்பது வரிசை வரிசையாக. இலைக்குப் பெயர் பக்கம், பெரும்பாலும் 16 கேபி அளவு. வரிசைக்குப் பெயர் தொகுதி, அதில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். நீங்கள் ஒரு ஃபைலில் ஒரு எழுத்தைத் திருத்திச் சேமித்தால், பழைய இடத்திலேயே அது திருத்தப்படுவதில்லை. புது இலையில் எழுதிவிட்டு, பழைய இலையை "சாப்பிட்டு முடித்தது" என்று குறித்துவைக்கும்.

நாள் போகப் போக எல்லா வரிசையிலும் எச்சில் இலைகள் சேரும். நடுவில் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பெரியவர்கள். அப்போது என்ன செய்வது? அவர்களைப் பணிவோடு வேறு வரிசைக்கு மாற்றி உட்கார வைத்துவிட்டு, இந்த வரிசையைச் சுருட்ட வேண்டும். எஸ்எஸ்டி இதை நீங்கள் பார்க்காதபோது தானாகச் செய்துகொண்டே இருக்கிறது.

இதை எல்லாம் பார்த்துக்கொள்ள மண்டபத்தில் ஒருவர் இருப்பார். எங்கே இடம் காலி, எங்கே இலை எடுக்கலாம், யாரை எங்கே மாற்றலாம் என்று நின்று பந்தி விசாரிப்பவர். எஸ்எஸ்டியில் அந்த வேலையைச் செய்யும் சிப்புக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். மண்டபம் எவ்வளவு பெரிது என்பதைவிட, விசாரிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதில்தான் பந்தி ஓடுகிறது. இங்கேயும் அப்படித்தான்.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை கிடைக்கிறது. மண்டபம் நிரம்பி வழிந்தால் யாரையும் மாற்றி உட்கார வைக்க இடமில்லை, எல்லாம் தடுமாறும். ஸ்டோரேஜ் கிட்டத்தட்ட நிரம்பியதும் லேப்டாப் மந்தமாவது இதனால்தான். பத்தில் இரண்டு பங்கு இடத்தையாவது காலியாக விட்டு வைப்பது நல்லது.

இன்னொன்று: ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் சிப் கொஞ்சம் தேயும். ஒரே மேசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல் எல்லா மேசைக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பதும் கன்ட்ரோலரின் பொறுப்புதான். சாதாரணப் பயனருக்கு இந்தத் தேய்மானம் கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தரும் மாடல்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. தினமும் 50 ஜிபி எழுதினாலும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஸ்டோரேஜ் என்பது பரண். இன்று அது ஃப்ளாஷ் சிப்புகளால் ஆனது. அவற்றை மேய்ப்பது கன்ட்ரோலர். இவற்றை போர்டில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்ற கேள்வி இன்னும் வரவே இல்லை.

பெட்டியில் போட்ட எண்

சரி, "நொடிக்கு 7000 எம்பி" என்று போடுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம், எத்தனை பேர் பரிமாறுகிறார்கள் என்பது. ஒரே ஆள் சாம்பார் வாளியோடு வரிசை முழுக்கப் போனால் ஒரு நேரம் ஆகும். இரண்டு முனையிலிருந்தும் இரண்டு பேர் தொடங்கினால் பாதி நேரம். ஒரு ஃப்ளாஷ் சிப் தனியாக அவ்வளவு வேகமில்லை. பல சிப்புகளில் ஒரே சமயத்தில் படித்து எழுதுவதால்தான் அந்தப் பெரிய எண் வருகிறது.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2020-இல் வந்த ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் லேப்டாப்பின் 256 ஜிபி மாடலில் இரண்டு 128 ஜிபி சிப்புகள் இருந்தன. படிக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 2900 எம்பி. 2022-இல் வந்த எம்2 ஏரின் 256 ஜிபி மாடலில் ஒரே ஒரு 256 ஜிபி சிப் வைத்தார்கள். வேகம் சுமார் 1450-க்கு இறங்கியது. புதிய மாடல், அதே கொள்ளளவு, பாதி வேகம். 2024-இன் எம்3 ஏரில் மறுபடி இரண்டு சிப்புக்குத் திரும்பினார்கள், வேகமும் திரும்பியது.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். இந்த மூன்று லேப்டாப்பிலும் சிப்புகள் போர்டில் சால்டர் செய்யப்பட்டவைதான். சால்டர்தான் வேகம் தருகிறது என்றால் எம்2-இல் வேகம் பாதியானது எப்படி? பரிமாறும் ஆள் குறைந்தார், அதனால் குறைந்தது. எங்கள் தம்பிக்கு நான் முதலில் சொன்னதும் இந்த உதாரணம்தான்.

இரண்டாவது காரணம், சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே இருக்கும் வழி. குறுகலான வாசல் என்றால் எத்தனை பேர் பரிமாறினாலும் நெரிசல். சாட்டா என்ற பழைய வழியில் நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். அதற்குப் பின் வந்த பிசிஐஇ வழியில் நான்கு பாதைகள் சேர்ந்தால், மூன்றாம் தலைமுறையில் சுமார் 3500, நான்காம் தலைமுறையில் சுமார் 7000, ஐந்தாம் தலைமுறையில் 14000 எம்பி வரை போகலாம். என்விஎம்இ என்று பெட்டியில் பார்ப்பது, இந்த அகல வழியில் ஃப்ளாஷோடு பேசுவதற்கென்றே 2011-இல் வகுத்த மொழி.

மூன்றாவது, ஹாலில் இறக்கி வைக்கும் தந்திரம். வீடு மாற்றும்போது டெம்போவில் வந்த சாமானை முதலில் ஹாலில் குவித்துவிடுவோம், டெம்போ சீக்கிரம் போய்விடும். அலமாரியில் அடுக்குவது பிறகு. எஸ்எஸ்டியும் தன் ஒரு பகுதியை இப்படி ஹாலாக வைத்துக்கொள்கிறது. ஏன் என்றால், ஃப்ளாஷ் சிப்புக்குள் இருக்கும் ஒரே நுண்ணறையில் நாலு பிட் (தகவலின் மிகச் சிறிய துண்டு) நெருக்கி அடுக்கும் மலிவு வகைச் சிப்பில் எழுதுவது மெதுவான வேலை. அறைக்கு ஒரு பிட் என்று தாராளமாக எழுதினால் வேகமாக முடியும். முதலில் தாராளமாக எழுதி வைத்து, ஓய்வில் நெருக்கி அடுக்கிக்கொள்ளும். ஹால் நிரம்பும்வரை எல்லாம் பறக்கும். நிரம்பிய பிறகு, சில மலிவு மாடல்களில் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். பெட்டியில் போட்டிருப்பது ஹால் காலியாக இருக்கும்போது எடுத்த எண்.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வேகமான எஸ்எஸ்டி சூடாகும். அளவு மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்த மெல்லிய லேப்டாப்பில் அந்த 7000-ஐ நெடுநேரம் எதிர்பார்க்க முடியாது.

அந்த எண் நமக்கு எப்போது உறைக்கும்?

மளிகைக் கடைக்குப் போய் ஒரு மூட்டை அரிசி என்றால் ஒரே தூக்கு. நாற்பது சாமான் கொண்ட பட்டியலைக் கொடுத்தால், கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தேடி, எடுத்து, நிறுத்து, கட்ட வேண்டும். மொத்த எடை இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், நேரம் ஒன்றாக இருக்காது. பெரிய வீடியோவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது மூட்டை வேலை. அதைத் தொடர் வாசிப்பு என்போம். லேப்டாப்பைத் திறப்பது, பிரவுசர் திறப்பது, டாலி திறப்பது எல்லாம் பட்டியல் வேலை, சிதறல் வாசிப்பு. பெட்டியில் 7000 என்று போட்ட நல்ல எஸ்எஸ்டியும், 4 கேபி அளவுள்ள சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது நொடிக்கு 100 எம்பிக்கு அருகில்தான் நிற்கும். 3500 என்று போட்டதும் அங்கேயிருந்து அதிக தூரத்தில் இல்லை. அதனால்தான் அன்றாட வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

மூட்டை வேலை செய்பவருக்கும் இன்னொரு தடை உண்டு. எங்கள் தம்பி மண்டபத்திலிருந்து வந்ததும் 64 ஜிபி கேமரா கார்டை லேப்டாப்பில் ஏற்றுவார். அவர் வைத்திருக்கும் யுஹெச்எஸ்-2 வகைக் கார்டுக்கு உச்ச வரம்பே நொடிக்கு 312 எம்பி. முழுக் கார்டும் ஏற மூன்றரை நிமிடமாவது ஆகும். ஸ்டோரேஜ் 1450 ஆனாலும் 7000 ஆனாலும் அதே மூன்றரை நிமிடம்தான். குடம் எவ்வளவு அகலமானாலும் குழாயில் வருவதுதான் வரும்.

ரேம் குறைவாக உள்ள லேப்டாப்பில் மட்டும் கதை கொஞ்சம் மாறும். மேடை நிரம்பியதும் சில பாத்திரங்களைப் பரணில் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், அப்போது ஸ்டோரேஜ் வேகம் கைக்குத் தெரியும். 8 ஜிபி ரேம் இருந்த எம்2 ஏரில் ஒற்றைச் சிப் பற்றிப் பலர் வருந்தியது இதனால்தான். அதற்கு மருந்து ரேமைக் கூட்டி வாங்குவது.

ஆக, வேகத்தைத் தீர்மானிப்பவை சிப்புகளின் எண்ணிக்கை, கன்ட்ரோலர், வழி, ஹாலின் அளவு, சூடு. பட்டியலில் சால்டர் இல்லை.

ஸ்லாட்டா, சால்டரா

இப்போது பொருத்தும் முறைக்கு வரலாம். ரிச்சி தெருக் கடைக்காரர் பழைய லேப்டாப்பிலிருந்து உருவியது எம்.2 அட்டை. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், ஒரு ஸ்க்ரூ. கன்ட்ரோலர், ஃப்ளாஷ் சிப் எல்லாம் அந்த அட்டையிலேயே இருக்கும், அதனால் அதற்குப் பொருந்தும் ஸ்லாட், அதாவது செருகும் இடம், உள்ள வேறு லேப்டாப்பில் போட்டாலும் வேலை செய்யும். 30 மில்லிமீட்டர் நீளத்தில் குட்டி வகையும் உண்டு. மிக மெல்லிய லேப்டாப்புக்கும் அது அடங்கும்.

சால்டர் என்பது ஈயம் போன்ற உலோகக் கலவையை உருக்கிச் சிப்பை போர்டோடு ஒட்டுவது. சிப்பின் அடியில் கடுகைப் போல நூற்றுக்கணக்கான சின்ன உருண்டைகள் இருக்கும், அவை உருகிப் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க ஸ்க்ரூடிரைவர் போதாது. சூடான காற்றடிக்கும் கருவியும் பழகிய கையும் வேண்டும்.

"ஆனால் ரேமை ஒட்டுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். கேள்வி சரிதான். மெல்லிய லேப்டாப்புகளில் வரும் குறைந்த மின்சார ரேம், லேப்டாப்பின் மூளையான பிராசசருக்கு மிக அருகில், மிகக் குறுகிய கம்பி வழியில் இருந்தால்தான் முழு வேகத்தில் ஓடும். அங்கே ஒட்டுவதற்குப் பொறியியல் காரணம் உண்மையிலேயே உண்டு. அதற்கும் இப்போது கழற்றும் வழி வந்துகொண்டிருக்கிறது: 2024-இல் வந்த லெனோவோ திங்க்பேட் பி1 மாடலில் அந்த வகை ரேமே ஸ்க்ரூ போட்டுப் பொருத்தும் அட்டையாக வந்தது. மக்கள் செய்யும் தவறு, ரேமுக்குச் சொன்ன காரணத்தை ஸ்டோரேஜுக்கும் நீட்டிப்பதுதான். ஸ்டோரேஜுக்கு வேண்டிய நான்கு பிசிஐஇ பாதைகள் ஸ்லாட் வழியாகவே நொடிக்கு 7000 எம்பி கொண்டுவருகின்றன.

ஆப்பிளின் சொந்த மேசைக் கம்ப்யூட்டர்களே இதற்குச் சாட்சி. 2022 மேக் ஸ்டூடியோவிலும் 2024 மேக் மினியிலும் ஸ்டோரேஜ் தனி அட்டையாகக் கழன்று வருகிறது. அதனால் அவை மெதுவாகிவிடவில்லை. (அந்த அட்டையில் வெறும் ஃப்ளாஷ் சிப் மட்டும்தான் இருக்கும், கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருக்கிறது. அதனால் கடையில் வாங்கிய எம்.2 அட்டை அதில் சேராது.) மைக்ரோசாஃப்ட் வேறொரு பாதையில் வந்தது. 2017-இல் வெளியான முதல் சர்ஃபேஸ் லேப்டாப்புக்கு, பழுதுபார்க்கும் வசதியை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் பத்துக்கு 0 கொடுத்தது. கிழிக்காமல் திறக்கவே முடியாத அமைப்பு. 2019-இன் சர்ஃபேஸ் லேப்டாப் 3-இல் மேல்பாகம் ஸ்க்ரூவில் கழன்றது, ஸ்டோரேஜ் குட்டி எம்.2 அட்டையானது, மதிப்பெண் 5 ஆனது. அதற்காக லேப்டாப் தடித்துப் போகவில்லை.

அப்படியானால் ஏன் ஒட்டுகிறார்கள்? ஸ்லாட்டும் ஸ்க்ரூவும் பிடிக்கும் இடம் மிச்சம், அந்த இடத்தை பேட்டரிக்குத் தரலாம். பொருத்தும் வேலை ஒரு படி குறையும். பாதுகாப்புக் காரணமும் உண்டு, அதைத் தனியாகச் சொல்கிறேன். கூடவே, பின்னால் கூட்ட முடியாது என்று தெரிந்தால் வாங்கும்போதே அதிகக் கொள்ளளவுக்கு நாம் பணம் கொடுப்போம். இது தற்செயலாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

பூட்டும் சாவியும்

ஒட்டியிருந்தால் என்ன, சிப் லெவல் சர்வீஸ் செய்பவர் சிப்பை உருக்கி எடுத்து வேறு போர்டில் வைத்துப் படங்களை எடுத்துத் தரக்கூடாதா? தம்பி கேட்டது இதைத்தான்.

இங்கே இரண்டாவது சுவர் வருகிறது. இன்றைய லேப்டாப்புகள் பல, எழுதும் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்தே எழுதுகின்றன. அதாவது, சாவி இல்லாதவர் கண்ணுக்கு வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும்படி மாற்றி எழுதுவது. 2018-க்குப் பின் வந்த மேக்புக் ப்ரோ போன்றவற்றில் அந்தச் சாவி, அதே போர்டில் உள்ள பாதுகாப்புச் சிப்புக்குள் அச்சடித்ததுபோல் இருக்கிறது. அதை யாராலும் வெளியே எடுக்க முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம், சாவியோ வீட்டுச் சுவருக்குள் பதிந்திருக்கிறது. வீடு இடிந்தால் பெட்டி திறக்காது.

விண்டோஸ் லேப்டாப்பில் நிலைமை வேறு. அங்கேயும் பிட்லாக்கர் என்ற பூட்டு பல நேரம் தானாகவே போட்டிருக்கும். ஆனால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். அட்டையைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகி, அந்த எண்ணைக் கொடுத்தால் திறந்துவிடும். இப்படி ஒரு எண் இருப்பதே தெரியாமல் ரிச்சி தெருவில் விழித்துக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றே உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள், எழுதி பீரோவில் வையுங்கள்.

இந்தப் பூட்டு தேவையா என்றால், தேவைதான். மின்சார ரயிலில் லேப்டாப் தொலைந்தால் எடுத்தவர் உங்கள் வங்கிக் கணக்கையும் குழந்தைகளின் படங்களையும் பார்க்க முடியாது. திருடனுக்கு எதிராகக் கட்டிய சுவர், விபத்து நேரத்தில் உரிமையாளரையும் வெளியே நிறுத்துகிறது. இரண்டும் உண்மை.

அதனால் ஸ்டோரேஜும் சாவியும் போர்டிலேயே பதிந்த லேப்டாப்பில் தகவலை மீட்க ஒரே வழிதான் உண்டு. செத்த அதே போர்டை, கொஞ்ச நேரத்துக்காவது எழுப்ப வேண்டும். அந்தக் கடைக்காரர் அதைத்தான் செய்தார். போர்டைத் தனியாகக் கழற்றி, ரசாயனத்தில் போட்டு அரிப்பைச் சுத்தம் செய்தார். மைக்ரோஸ்கோப் வைத்து ஷார்ட் ஆன ஒரு கடுகளவு பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றினார். நான்காம் நாள் போர்டு எழுந்தது. வெளித் திரை ஒன்றைச் செருகி, ஒரு கல்யாணம் விடாமல் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கையின் திறமையை நான் மனதாரப் போற்றுகிறேன். பத்து நிமிடமும் ஒரு ஸ்க்ரூவும் போதுமான இடத்தில், நான்கு நாளும் அபாரத் திறமையும் அதிர்ஷ்டமும் தேவைப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தம்பி அறியாமல் செய்த ஒரு நல்ல காரியம் இதற்கு உதவியது: நனைந்ததைப் பார்த்ததும் அவர் ஆன் செய்து பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் போர்டைக் கெடுப்பது மெதுவாகத்தான். தண்ணீரோடு மின்சாரம் சேர்ந்தால் செம்புத் தடங்கள் மிக வேகமாக அரித்துப் போகும். நனைந்தால் சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், கவிழ்த்து வையுங்கள், கடைக்குப் போங்கள். அரிசிப் பானையில் புதைப்பது வீண். போர்டுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை அரிசி இழுக்காது, கடைக்குப் போகும் நேரம்தான் வீணாகும்.

வாங்கப் போகும்போது

பழுதுபார்க்கும் வசதி என்பது மூடி திறப்பதோடு முடிவதில்லை. உதிரிபாகம் கிடைக்க வேண்டும், திறக்கும் முறை எழுதிய கையேடு கிடைக்க வேண்டும், விலை நியாயமாக இருக்க வேண்டும். பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்பவர்கள் இவற்றைக் கணக்கிட்டுப் பத்துக்கு இத்தனை என்று விலைச்சீட்டோடு போட வேண்டும் என்று சட்டமானது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறந்தது. நம் கடைகளின் விலைச்சீட்டில் அந்த மதிப்பெண் வரும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் பல மாடல்களுக்குச் சர்வீஸ் கையேட்டை இணையத்திலேயே இலவசமாக வைத்திருக்கின்றன. மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, ஸ்டோரேஜைக் கழற்றும் அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்லாட். பேட்டரிக்கும் அதே அத்தியாயத்தைத் தேடுங்கள். நம் ஊர் வெக்கையில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும், அது பசையில் ஒட்டாமல் ஸ்க்ரூவில் இருந்தால் பிற்காலத்தில் மிச்சம்.

ஒட்டிய மாடல்தான் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். திரை, பேட்டரி, எடை எல்லாம் உண்மையான நன்மைகள். ஆனால் கொள்ளளவை இன்றைய தேவைக்கு ஒரு படி மேலே வாங்குங்கள், பின்னால் கூட்ட வழியில்லை. வெளியே வைக்கும் 1 டிபி டிஸ்க் ஒன்றின் விலையை லேப்டாப் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மாடி வீட்டுத் தம்பி அடுத்து எம்.2 ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து வாங்கினார். ஸ்லாட் இருந்தாலும் அட்டையே ஒருநாள் சாகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். இப்போது மண்டபத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் கார்டை லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று என்று ஏற்றுகிறார். அந்த டிஸ்க் அன்றிரவே கீழே இறங்கி எங்கள் வீட்டு பீரோவுக்கு வந்துவிடும். ஆல்பம் பெண் வீட்டார் கைக்குப் போகும்வரை கார்டை அழிப்பதில்லை.